துகள் அளவு மாறினால் எண்ணும் மாறுகிறதா? வாயு கவர்தல், விரவல் அளவீட்டில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பரப்புக் கவர்தல் (வாயு ஒரு பொருளின் பரப்பில் ஒட்டிக்கொள்வது) கருவியோடு மல்லுக்கட்டுகிற எல்லோரும் ஒரு நாள் இந்த இடத்துக்கு வந்து சேர்வார்கள். ஒரே பாறைத் துண்டிலிருந்து எடுத்த சாம்பிள்தான். மாவாக அரைத்து அளந்தால் ஒரு விரவல் கெழு (வாயு பொருளுக்குள் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று சொல்லும் எண்) வருகிறது. குருணையாக உடைத்து அளந்தால் அதைப்போல நூறு மடங்கு வருகிறது. முதலில் பொருள் மேல் சந்தேகம், அடுத்து கருவி மேல், கடைசியில் நம் மேலேயே. என்னைக் கேட்டால் பொருளைச் சந்தேகிப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அளவை மாற்றிப் பார்ப்பது. துகளின் அளவு, செல்லில் போட்ட எடை, அழுத்தப் படியின் உயரம் (ஒரு தடவைக்கு ஏற்றும் அழுத்தம்), இந்த மூன்றில் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வேகத்தைப் பிடித்து வைத்திருப்பது எது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

கீழே உள்ளவை அழுத்தம் பார்த்து அளக்கும் கருவியை மனதில் வைத்து எழுதியவை. ஒரு ரெஃபரன்ஸ் செல், ஒரு சாம்பிள் செல், நடுவில் வால்வு, ஓர் அழுத்த உணரி, எல்லாம் ஒரே வெப்பநிலைத் தொட்டிக்குள். எடை பார்த்து அளப்பவர்களுக்கு உரியதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

முதலில் கையால் ஒரு கணக்கு

கோள வடிவத் துகளுக்குள் வாயு விரவும்போது நேரம் ஆரத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஆர வர்க்கத்தை விரவல் கெழுவால் வகுத்து 0.03 ஆல் பெருக்கினால் பாதி நிரம்பும் நேரம், 0.42 ஆல் பெருக்கினால் 99 சதவீதம் நிரம்பும் நேரம். கெழு 10⁻¹³ ச.மீ./வினாடி என்று வைத்துக்கொள்வோம். 0.05 மி.மீ. ஆரமுள்ள மாவு 13 நிமிடத்தில் பாதி நிரம்பும், மூன்று மணி நேரத்தில் ஏறக்குறைய முடிந்துவிடும். 0.5 மி.மீ. ஆரமுள்ள குருணைக்குப் பாதிக்கே 21 மணி நேரம், முடிய 12 நாள். 25 மி.மீ. விட்டமுள்ள உருளைத் துண்டை இதே கணக்கில் தோராயமாகப் போட்டால் 20 ஆண்டைத் தாண்டும்.

ஆனால் துண்டைச் செல்லில் வைத்தால் சில நாளிலேயே அழுத்தம் அடங்கிவிடுகிறது. அப்படியென்றால் அங்கே வாயு வேறு வழியில் உள்ளே போகிறது. கருவி நமக்குக் கெழுவைத் தருவதே இல்லை. கெழுவை ஆர வர்க்கத்தால் வகுத்த எண்ணைத்தான் தருகிறது. அது எந்த ஆரம் என்பதை நாம்தான் வெளியிலிருந்து போடுகிறோம். சல்லடை எண்ணைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு போடுவதில்தான் பாதிக் கோளாறு ஆரம்பிக்கிறது.

அறிகுறி: அழுத்தம் அடங்காமல் இறங்கிக்கொண்டே இருக்கிறது

எல்லோரும் உடனே சொல்வது "லீக்". இருக்கலாம். ஆனால் லீக்குக்கும் மெதுவான கவர்தலுக்கும் முகம் வேறு. கவர்தலில் இறங்கும் வேகம் நேரம் போகப் போகக் குறையும். இன்று காலை ஒரு மணி நேரத்தில் இறங்கியதைவிட நாளைக் காலை ஒரு மணி நேரத்தில் இறங்குவது குறைவாக இருக்கும். லீக் அப்படி ஓய்வதில்லை. நேரத்துக்கு எதிராகப் போட்டால் கிட்டத்தட்ட நேர்கோடு. அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் அதன் சாய்வும் கூடும்.

உறுதி செய்ய, சாம்பிளை எடுத்துவிட்டு அதே கனஅளவுக்கு எஃகுக் குண்டுகளைப் போட்டு, அதே வாயுவை அதே அழுத்தத்தில் ஓர் இரவு விடுங்கள். ஹீலியத்தோடு மட்டும் இந்தச் சோதனையைச் செய்து திருப்திப்பட்டுவிட வேண்டாம். கார்பன் டை ஆக்சைடுக்கு ரப்பர் ஓ-ரிங்குகளில் கரையும் பழக்கம் உண்டு. வெற்றுச் செல்லில் ஹீலியம் கம்பி மாதிரி நேராக நிற்கும். கார்பன் டை ஆக்சைடு விட்டதும் மெதுவாக, கவர்தலைப் போலவே வளைந்து இறங்கும். குடிப்பது சாம்பிள் அல்ல, ஓ-ரிங். அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிட்டுச் செல்லைத் திறந்து பாருங்கள். ரிங்கின் மேல் சின்னச் சின்னக் கொப்புளங்கள் இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. உலோக கேஸ்கெட்டுக்கு மாறுங்கள். முடியாவிட்டால் அந்த வெற்றுச் செல் வளைவைப் பதிந்து வைத்துக்கொண்டு கழியுங்கள்.

மூன்றாவது ஆள் வெப்பநிலை. 30 டிகிரி செல்சியஸில், 5 மெகாபாஸ்கலில் மூடிய வாயு 1 டிகிரி குளிர்ந்தால் அழுத்தம் சுமார் 16 கிலோபாஸ்கல் இறங்கும். குறைவாகக் கவரும் பாறையின் மொத்த விளைவே சில சமயம் அவ்வளவுதான் இருக்கும்.

நான் ஒரு முறை மூன்று வாரம் லீக் தேடியிருக்கிறேன். ஒவ்வொரு இணைப்பையும் கழற்றி மாட்டினேன், சோப்புத் தண்ணீர் தடவினேன், வால்வை மாற்றினேன். கடைசியில் அழுத்தக் கோட்டைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது அதில் ரம்பப் பல் மாதிரி ஏற்ற இறக்கம் தெரிந்தது, இருபது நிமிடத்துக்கு ஒரு பல். அறையின் ஏ.சி. கம்ப்ரஸர் ஓடி நிற்கும் இடைவெளி அது. செல்கள் தொட்டிக்குள் பத்திரமாக இருந்தன. அழுத்த உணரியும் அதற்குப் போகும் ஒரு சாண் குழாயும் மட்டும் வெளியே, ஏ.சி. காற்று நேராக அடிக்கும் இடத்தில். நுரைப் பஞ்சு சுற்றியதும் பல் போயிற்று, கூடவே "லீக்"கும் போயிற்று. இறங்கிக்கொண்டே இருந்ததாகத் தெரிந்தது இரவில் அறை குளிர்ந்ததுதான். அன்றிலிருந்து அழுத்தக் கோட்டோடு அறை வெப்பநிலைக் கோட்டையும் ஒரே திரையில் போடாமல் நான் எதையும் நம்புவதில்லை.

இந்த மூன்றும் இல்லையென்றால் உங்கள் சாம்பிள் உண்மையிலேயே மெதுவானது. மேலே போட்ட கணக்கைப் போட்டு, காத்திருப்பதா, இன்னும் பொடியாக்குவதா என்று முடிவு செய்யுங்கள். சமநிலை வரும் முன் அடுத்த படிக்குப் போனால் ஐசோதெர்ம் (ஒரே வெப்பநிலையில், அழுத்தத்துக்கு எதிராகக் கவர்ந்த அளவைப் போட்ட வளைவு) முழுவதும் தாழ்ந்து வரும், அதுவும் பெரிய துகளுக்கு அதிகமாக.

அறிகுறி: துகள் பெரிதாக ஆக விரவல் கெழுவும் பெரிதாகிறது

இதுதான் அடிக்கடி வருவது, அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும்.

ஒரு பாறைக்குள் 0.1 மி.மீ. இடைவெளியில் மயிரிழை விரிசல்கள் ஓடுகின்றன என்று வையுங்கள். வாயு விரிசல் வழியே நொடியில் பாயும். விரிசல்களுக்கு நடுவே இருக்கும் கட்டிக்குள்தான் மெதுவாக விரவும். அந்தக் கட்டியின் ஆரம் 0.05 மி.மீ. இப்போது 0.05 மி.மீ. ஆரத்துக்கு மாவாக்கினாலும், 0.5 மி.மீ. குருணையாக வைத்தாலும் நிரம்பும் நேரம் ஏறக்குறைய ஒன்றே. நேரம் ஒன்று, ஆனால் கணக்கில் நாம் போடும் ஆரம் பத்து மடங்கு. வர்க்கத்தில் நூறு மடங்கு. கெழுவும் நூறு மடங்காக வீங்கி வருகிறது. பாறையில் எதுவும் மாறவில்லை, ஆரத்தைத் தவறாகப் போட்டோம்.

சரிசெய்ய இரண்டு அளவு போதாது. இரண்டு புள்ளிகள் வழியாக எந்தக் கோட்டையும் வரைந்துவிடலாம். குறைந்தது நான்கு துகள் அளவு எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பாதி நிரம்பும் நேரத்தைக் கண்டு, இரண்டு அச்சையும் மடக்கை அளவில் வைத்து வரையுங்கள். சாய்வு 2 என்றால் துகளே விரவல் நடக்கும் கட்டி. சல்லடை ஆரத்தைத் தாராளமாகப் போடலாம். சாய்வு 1 என்றால் தடை துகளின் உள்ளே இல்லை, அதன் தோலில் இருக்கிறது. கோடு ஏறி வந்து ஓரிடத்தில் மட்டமாகிவிட்டால், அந்த வளைவு இருக்கும் அளவுதான் உள்ளே இருக்கும் கட்டியின் அளவு. நிலக்கரியில் இதை அழகாகப் பார்க்கலாம்: அதன் இயற்கை விரிசல்களின் இடைவெளியை எட்டியபின் துகளை எவ்வளவு பெரிதாக்கினாலும் வேகம் குறையாது. ஷேல் பாறைக்கு வழக்கமாகச் செய்யும் நொறுக்குச் சோதனையில் 0.5 முதல் 0.85 மி.மீ. வரையான துகள்தான் எடுக்கிறார்கள். அது வளைவுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்க்காமல் அந்த எண்ணை முழுப் பாறைக்கும் கொண்டு போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தோலில் இருக்கும் தடைக்கு நல்ல உதாரணம் காற்றிலிருந்து நைட்ரஜன் பிரிக்கப் பயன்படும் கார்பன் மூலக்கூறு சல்லடை. அதன் துளை வாயில்கள் குறுக்கப்பட்டிருக்கின்றன. ஆக்சிஜனும் நைட்ரஜனும் கிட்டத்தட்ட சம அளவே கவரப்படும், ஆனால் ஆக்சிஜன் பல மடங்கு வேகமாக நுழையும். பிரிப்பதே அந்த வேக வித்தியாசத்தை வைத்துத்தான். இப்படிப்பட்ட பொருளில் கவர்ந்த அளவை நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராகப் போட்டால் தொடக்கத்திலிருந்து நேர்கோடு வராது. கீழே குழிந்து மெல்ல எழும்பும். அதை விரவல் சமன்பாட்டுக்குள் வலுக்கட்டாயமாகத் திணித்து ஒரு கெழுவைப் பிழிந்தெடுப்பதில் அர்த்தமில்லை. வாயில் கடக்கும் வேகத்தை ஒரு வேக மாறிலியாகவே சொல்லிவிடுங்கள்.

எப்படியும், அறிக்கையில் கெழுவோடு அதை ஆர வர்க்கத்தால் வகுத்த எண்ணையும் எழுதுங்கள். பின்னால் வருபவர் ஆரத்தை மாற்றிப் போட்டுக்கொள்ள முடியும்.

அறிகுறி: துகளைச் சிறிதாக்கினேன், வேகம் துளிக்கூட மாறவில்லை

மட்டமான கோட்டுக்கு உள்விரிசல் ஒரு காரணம் மட்டுமே. அதற்கு முன் விலக்க வேண்டியவை மூன்று: வால்வு, சூடு, செல்லில் கிடக்கும் துகள் குவியல்.

விலக்கும் வழி எளிது. துகள் அளவை அப்படியே விட்டு எடையைப் பாதியாக்குங்கள். வேகம் கூடினால், நீங்கள் அளந்துகொண்டிருந்தது துகளை அல்ல, செல்லுக்குள் கிடக்கும் குவியலை. ஒரு மைக்ரான் படிகங்களை 5 மி.மீ. ஆழத்துக்கு அமுக்கி நிரப்பினால் அது ஒரு மைக்ரான் பொருளாக நடந்துகொள்ளாது. வாயு முதலில் குவியலுக்குள் இறங்க வேண்டும்.

சூடு இதைவிட வஞ்சகமானது. கவர்தலின்போது வெப்பம் வெளிப்படும். 13-எக்ஸ் என்ற ஜியோலைட்டில் (நுண்துளைகள் நிறைந்த படிகப் பொருள்) கார்பன் டை ஆக்சைடு ஒட்டினால் மோலுக்கு 40 கிலோஜூல் அளவில். சாம்பிள் சூடானால் கவரும் திறன் குறையும். ஆறினால்தான் மிச்சத்தை எடுக்கும். அப்போது வளைவின் பிற்பகுதி காட்டுவது விரவலை அல்ல, சூடு ஆறும் வேகத்தை. அதற்குப் படிகத்தின் அளவு ஒரு பொருட்டே இல்லை.

இது ஏட்டுச் சந்தேகம் அல்ல. 1970-களில் லைப்சிக்கில் யோர்க் கேர்கரும் கூட்டாளிகளும் காந்தப் புலச் சரிவோடு கூடிய அணுக்கரு காந்த ஒத்ததிர்வு முறையில் ஜியோலைட் படிகத்துக்குள் மூலக்கூறுகள் நகர்வதை நேரடியாக அளந்தபோது, கவர்தல் வளைவுகளிலிருந்து அதுவரை கிடைத்திருந்த கெழுக்களைவிடப் பல மடங்கு, சில பொருள்களில் பல ஆயிரம் மடங்கு பெரிய எண்கள் வந்தன. எந்த முறை தப்பு என்று நீண்ட காலம் விவாதம் நடந்தது. பழைய கவர்தல் அளவீடுகளில் கணிசமானவை குவியலையும் சூட்டையும்தான் அளந்திருந்தன என்பது தெரிந்தது. மிச்ச வித்தியாசத்தில் படிகத்தின் தோலில் இருந்த உண்மையான தடைகளுக்கும் பங்கு இருந்தது. மிலாடன் எயிச்சும் டக்ளஸ் ருத்வெனும் 1988-இல் கொண்டு வந்த முறையில் சில மில்லிகிராம் சாம்பிளை மெல்லிய அடுக்காகப் பரப்பி, மேலே மந்த வாயுவை வேகமாக ஓட்டி, சாம்பிளிலிருந்து வெளிவருவதை அடித்துச் செல்வார்கள். இந்த இரண்டு தொல்லையையும் குறைப்பதுதான் அதன் நோக்கம்.

நம் கருவியில் செய்யக்கூடியவை: சாம்பிளைக் கண்ணாடிப் பஞ்சு இழைகளுக்கு நடுவே சிதறலாகத் தூவுங்கள், அழுத்தப் படியைச் சின்னதாக்குங்கள், முடிந்தால் மெல்லிய தெர்மோகப்பிளை நேராகக் குவியலுக்குள் செருகுங்கள். வாயு விட்டதும் குவியல் சில டிகிரி ஏறி, கவர்தல் வால் நீள்கிற அதே நேரம் எடுத்து ஆறுகிறது என்றால் விஷயம் முடிந்தது.

வால்வைப் பற்றிச் சுருக்கமாக: எஃகுக் குண்டு, ஹீலியம் வைத்து ஒரு படி ஓட்டி, அழுத்தம் நிலைக்க எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். என் கருவியில் 40. அந்த 40 வினாடிக்குள் நடப்பதைப் பற்றி அந்தக் கருவி எதுவும் சொல்ல முடியாது, நானும் கேட்பதில்லை.

அறிகுறி: முதல் நிமிடத்தில் பாய்கிறது, அப்புறம் நொண்டுகிறது

அடுத்த பத்தியைப் படிக்கும் முன் சல்லடைத் துகளை ஒரு கறுப்புத் தாளில் கொட்டி, தாளை மெல்லத் தட்டிவிட்டு, சாய்த்துப் பாருங்கள். குருணை உருண்டு போனபின் தாளில் சாம்பல் படலம் மாதிரி மாவு ஒட்டியிருந்தால், முதல் பாய்ச்சல் அந்த மாவினுடையது. உலர்ச் சல்லடை குருணைமேல் ஒட்டிய தூசியை முழுக்க எடுக்காது. லேசான காற்றால் ஊதுங்கள். பொருள் தாங்கும் என்றால் எத்தனாலில் அலசி உலர்த்துங்கள். எடையில் கால் சதவீத மாவு வளைவைக் கெடுக்காது, பத்து சதவீதம் கெடுக்கும்.

தூசி இல்லையென்றால் பொருளிலேயே இரண்டு வேகம் இருக்கலாம்: பெரிய துளைகளில் ஒன்று, அவற்றுக்கு நடுவே இருக்கும் நுண்துகள்களுக்குள் இன்னொன்று. பிணைப்பானோடு சேர்த்து உருட்டிய ஜியோலைட் மணிகளும் நிலக்கரியும் இப்படித்தான். ருக்கென்ஸ்டைனும் கூட்டாளிகளும் 1971-இல் தந்த இருவேக மாதிரி இதற்காகவே உள்ளது. ஆனால் அதில் பொருத்தக்கூடிய எண்கள் அதிகம். எந்த வளைவையும் அது அணைத்துக்கொள்ளும். ஒரே வளைவுக்குப் பொருந்திவிட்டது என்பதை நான் ஆதாரமாக எடுப்பதில்லை. துகளைப் பாதியாக உடைத்தபின் வேகமான பகுதியின் நேரம் கால்வாசியாகி, மெதுவான பகுதி அசையாமல் நின்றால்தான் நம்பலாம்.

அறிகுறி: வேகம் இருக்கட்டும், மொத்தக் கவர்தலே துகள் அளவுக்குத் தகுந்தபடி மாறுகிறது

சமநிலை அளவு துகளின் அளவைப் பொறுத்து மாறக்கூடாது. மாறினால் காரணம் நான்கில் ஒன்று.

பெரிய துகள் இன்னும் சமநிலைக்கு வரவில்லை என்பது முதலாவது. நேரத்தை இரட்டிப்பாக்கிப் பார்த்தால் தெரியும்.

இரண்டாவது, அரைத்ததில் மூடிக் கிடந்த துளைகள் திறந்திருக்கின்றன. இது பிழை அல்ல, பொருளைப் பற்றிய தகவல். ஹீலியத்தால் அளந்த அடர்த்தி மாவில் கூடி வந்தால் இதை நம்பலாம்.

மூன்றாவதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்: ஒவ்வொரு சல்லடைத் தட்டிலும் இருப்பது வேறு வேறு பொருள். நிலக்கரியை உடைத்துச் சலித்தால் எளிதில் நொறுங்கும் பகுதி மாவில் சேரும், கெட்டியான பகுதி குருணையில் தங்கும். ஷேலிலும் களிமண்ணும் குவார்ட்ஸும் ஒரே மாதிரி உடைவதில்லை. ஒரே பாறையின் நான்கு அளவுகள் என்று நினைத்துக்கொண்டு நான்கு பாறைகளை அளந்திருப்போம். வழி இருக்கிறது. பெரிய குருணையை முதலில் அளந்துவிட்டு, அதே குருணை முழுவதையும், ஒரு கிராம்கூட ஒதுக்காமல், அடுத்த சல்லடை வழியாகப் போகும் வரை உடையுங்கள். தட்டில் தங்கியதைத் திரும்ப உரலில் போடுங்கள். அலுப்பான வேலைதான். குறைந்தபட்சம் ஒவ்வொரு தட்டின் சாம்பல் அளவையாவது, கரிமக் கார்பன் அளவையாவது பார்த்துவிடுங்கள்.

நான்காவது ஈரம். ஒரே நேரம், ஒரே சூட்டில் வாயு நீக்கினாலும் மாவு காய்ந்துவிடும், குருணையின் நடுவில் ஈரம் மிச்சமிருக்கும். ஹெச்.கே.யூ.எஸ்.டி-1 என்ற செம்புக் கட்டமைப்புப் பொருளில் இது கண்ணுக்கே தெரியும்: ஈரத்தோடு வெளிர் நீலமாக இருப்பது, சுமார் 150 டிகிரியில் வெற்றிடத்தில் வைத்தால் கருநீலமாக, கத்தரிப்பூவின் அடர்ந்த நிறமாக மாறும். ஒருமுறை நிறம் மாறிய மணி ஒன்றை உடைத்தேன்; விளிம்பு கருநீலம், நடுவில் வெளிர் வட்டம். மற்றப் பொருள்கள் இப்படி நிறம் காட்டி உதவுவதில்லை, எடை அடங்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான். 13-எக்ஸ் போன்ற ஜியோலைட்டுக்கு 300 டிகிரிக்கு மேல் தேவைப்படும். ஆனால் மெதுவாக ஏற்றுங்கள். ஈரத்தோடு சட்டென்று சூடாக்கினால் தன் நீராவியிலேயே வெந்து கட்டமைப்பு கெடும். நிலக்கரியை 105 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள்.

இன்னொன்று: வெற்றிடப் பம்ப்பை ஒரேயடியாகத் திறந்தால் மாவு புகைபோலக் கிளம்பி வடிகட்டியில் அப்பிக்கொள்ளும், கொஞ்சம் வால்வு இருக்கையிலும் போய் உட்காரும். பிறகு உண்மையான லீக் வரும், எடையும் தப்பாகும். சோதனை முடிந்ததும் சாம்பிளைத் திரும்ப எடை போடுங்கள்.

அறிகுறி: ஐசோதெர்ம் உச்சி கண்டு இறங்குகிறது, அல்லது பூஜ்யத்துக்குக் கீழே போகிறது

இறங்குவது பிழை அல்ல. கருவி அளப்பது அதிகப்படிக் கவர்தலை: அதே இடத்தில் சாதாரண வாயு இருந்தால் எவ்வளவு இருந்திருக்குமோ அதைவிடக் கூடுதலாக உள்ளதை. அழுத்தம் ஏற ஏற வெளியே வாயு நெருங்கிக்கொண்டே வரும், துளைக்குள் இடம் தீர்ந்துவிடும், வித்தியாசம் குறையும். இறங்குவதைப் பார்த்துவிட்டுச் சாம்பிளைத் தூக்கி எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பூஜ்யத்துக்குக் கீழே போனால், அல்லது ஒரே பொருளின் இரண்டு எடைகள் இரண்டு ஐசோதெர்ம் கொடுத்தால், வெற்றுக் கனஅளவைச் சந்தேகியுங்கள். சாம்பிள் போக மிச்சமிருக்கும் இடம் அது. கணக்கு இதோ. மிச்ச இடம் 50 மி.லி., மீத்தேன், 30 டிகிரி, 5 மெகாபாஸ்கல்: அங்கே சும்மா நிற்கும் வாயு மட்டும் சுமார் 108 மில்லிமோல். செல்லில் 10 கிராம் ஷேல், கிராமுக்கு 0.1 மில்லிமோல் கவருகிறது என்றால் நீங்கள் தேடுவது 1 மில்லிமோல். கனஅளவில் 0.1 மி.லி. பிசகினால் 0.2 மில்லிமோல் பிசகும், விடையில் ஐந்தில் ஒரு பங்கு. அதே செல்லில், கிராமுக்கு 5 மில்லிமோல் கவரும் செயலூட்டிய கரி இருந்திருந்தால் அதே பிசகு அரை சதவீதத்துக்கும் கீழே. கரியை வைத்துக் கருவியைச் சோதித்துவிட்டு, "கருவி பிரமாதம்" என்று ஷேலுக்குத் தாவுவது இதனால்தான் ஆபத்து.

பரிகாரம்: சாம்பிளைக் கூட்டுங்கள், அல்லது எஃகுக் கட்டைகள் போட்டு மிச்ச இடத்தை நிரப்புங்கள். படிப்படியாக ஏற்றும் முறையில் ஒவ்வொரு படியின் பிழையும் அடுத்ததில் சேரும் என்பதால், சந்தேகமான உயர் அழுத்தப் புள்ளியை ஒரே பெரிய படியில் நேராகப் போய் ஒரு தடவை சரிபாருங்கள். ஹீலியம் மீத்தேனைவிடச் சின்னது. மீத்தேன் நுழையாத சந்துக்குள்ளும் நுழையும். அந்தச் சந்தையும் மீத்தேனுக்கான இடமாக எண்ணிவிட்டால் கவர்தல் எதிர்மறையாக வருவதில் ஆச்சரியமில்லை.

கார்பன் டை ஆக்சைடுக்கு 31 டிகிரி, 7.38 மெகாபாஸ்கல் என்ற மாறுநிலைப் புள்ளிக்குப் பக்கத்தில் வேலை வைக்காதீர்கள். அங்கே வெப்பநிலை கொஞ்சம் அசைந்தாலும் அடர்த்தி தடாலென்று மாறும். அடர்த்தியைக் கணக்கிட, கார்பன் டை ஆக்சைடுக்கென்றே உள்ள ஸ்பான்–வாக்னர் 1996 நிலைச் சமன்பாட்டையே பயன்படுத்துங்கள். எடை பார்த்து அளப்பவர்களுக்கு இதே தொல்லை மிதப்பு விசையாக வரும்: 40 டிகிரி, 5 மெகாபாஸ்கல் கார்பன் டை ஆக்சைடில் அரை மி.லி. கனஅளவுள்ள சாம்பிள் 57 மில்லிகிராம் அளவுக்கு லேசாகத் தெரியும்.

அறிகுறி: உள்ளே போவது வேகம், வெளியே வருவது மெதுவு

பெரும்பாலும் இரண்டு கெழு இல்லை, ஒரு பெரிய படிதான் இருக்கிறது. ஐசோதெர்ம் வளைந்திருந்தால், காலியான பொருள் நிரம்புவது ஒரு மாதிரியும் நிரம்பியது காலியாவது இன்னொரு மாதிரியும் இருக்கும். படியைச் சின்னதாக்கி ஒரே இடத்தில் ஏற்றி இறக்குங்கள். வித்தியாசம் மறைந்தால் அதுதான் காரணம்.

இங்கேயே இன்னொரு பொறி: மூடிய செல்லில் சாம்பிள் குடிக்கக் குடிக்க வெளியழுத்தம் இறங்குகிறது. விட்ட வாயுவில் பெரும்பங்கைச் சாம்பிளே எடுத்துக்கொண்டால், அழுத்தம் மாறாது என்று வைத்து எழுதிய சமன்பாடு கெழுவைக் கூட்டிக் காட்டும். எடை மாற்றும்போது கெழு நகர்ந்தால் இதையும் பாருங்கள். வரம்புள்ள கனஅளவுக்கான சமன்பாடு தனியாக இருக்கிறது.

அறிகுறி: நைட்ரஜனில் பரப்பு ஒன்றுமில்லை, கார்பன் டை ஆக்சைடில் நிறைய

77 கெல்வினில் நைட்ரஜன் மிகக் குறுகிய துளைக்குள் நகர முடியாமல் விறைத்து நிற்கிறது. 273 கெல்வினில் கார்பன் டை ஆக்சைடு சாதாரணமாக நுழைகிறது. அரைத்த மாவில் நைட்ரஜன் பரப்பு சட்டென்று கூடினால் புதிய பரப்பு பிறந்துவிட்டதாக உடனே எழுதாதீர்கள். பாதையின் நீளம் குறைந்ததால் நைட்ரஜன் உள்ளே போய்ச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். இந்தக் குளிரில் ஹீலியமும் குறுகிய துளைகளில் சிக்கும். அதனால் வெற்றுக் கனஅளவை நைட்ரஜன் சோதனை முடிந்தபின் அளப்பதே நல்லது.

அறிகுறி: முழு உருளைத் துண்டு, மாவு சொன்ன நேரத்துக்குள் அடங்கவில்லை, கணக்கு சொன்ன ஆண்டுகளும் ஆகவில்லை

இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ அடங்கும். எங்கே என்பதை விரிசல்களும் படிவ அடுக்குகளும் முடிவு செய்கின்றன. அடுக்குக்கு இணையாக வெட்டிய துண்டும் குறுக்காக வெட்டிய துண்டும் ஒன்றாக இருக்காது. சுற்றிலும் இறுக்காமல் வைத்தால், ஆழத்திலிருந்து எடுத்து வந்தபோது திறந்த விரிசல்கள் அப்படியே திறந்திருக்கும். பூமிக்குள் அவை மூடியிருக்கலாம். இறுக்கும் அழுத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். வேகம் தடதடவென்று குறைந்தால் நீங்கள் விரிசலை அளக்கிறீர்கள். அசையாமல் இருந்தால் கட்டியை அளக்கிறீர்கள். வாயு அழுத்தத்தைக் குறைத்தபோது ஊடுபுகும் திறன் கூடித் தெரிந்தால் பதறாதீர்கள்: குறைந்த அழுத்தத்தில் மூலக்கூறுகள் துளைச் சுவரை ஒட்டி வழுக்கிப் போவதை கிளிங்கன்பெர்க் 1941-லேயே எழுதிவிட்டார். நான்கைந்து அழுத்தங்களில் அளந்து, அழுத்தத்தின் தலைகீழுக்கு எதிராகப் போட்டு, கோட்டைப் பூஜ்யத்துக்கு நீட்டி எடுங்கள்.

கிணற்றிலிருந்து வந்த நிலக்கரித் துண்டை டப்பாவில் மூடி வாயு வெளியேற்றத்தை அளப்பவர்கள், மேலே வரும் வழியில் தொலைந்த வாயுவை நேரத்தின் வர்க்கமூலக் கோட்டைப் பின்னோக்கி நீட்டிக் கணிக்கிறார்கள். அந்தக் கோடு தொடக்கத்தில் மட்டுமே நேர். வளையத் தொடங்கியபின் உள்ள புள்ளிகளைச் சேர்த்தால் தொலைந்த வாயு குறைவாக வரும். 63.2 சதவீதம் வெளியேற ஆகும் நேரத்தையும் துண்டின் அளவோடு சேர்த்தே எழுதி வையுங்கள்.

துண்டு ஒன்றே ஒன்றுதான் கையில் இருக்கிறது என்றால் வரிசை முக்கியம். முழுசாக இருக்கும்போதே இறுக்கியும் இறுக்காமலும் அளந்து முடியுங்கள். பிறகு அதையே இரண்டாகப் பிளந்து ஒரு பாதியைப் பையில் போட்டு எழுதி ஒட்டி வைத்துவிடுங்கள். மற்றப் பாதியைக் குருணையாக்கி அளந்து, அதே குருணையை மாவாக்கி அளக்கலாம்.